ஜீப்பிலிருந்து என் தந்தை கேட்ட கேள்விகள்

என் பெயர் ஹப்சா, வயது பதினாறு, தந்தை பெயர் அப்துல் ஜலீல், தாயார் பெயர் மெகருன்னிசா. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் கீழே கடையும் மேலே வீடுமாக வசித்து வருகிறோம். நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். என் தந்தை எங்கள் கடையில் வண்டிகளுக்கு பேட்டரி, ஹாரன், விளக்கு, பாட்டு செட் மாட்டும் வேலை செய்து வருகிறார். இதை என் தாயார் உடனிருக்க, எங்கள் கடையில் வைத்தே, உதவி ஆய்வாளர் செந்தமிழ்ச்செல்வி அவர்களிடம் சொல்கிறேன். கண்டதையும் கேட்டதையும் மட்டும் வரிசையாகச் சொல்லும்படியும், நான் நினைத்ததைச் சேர்க்க வேண்டாம் என்றும் மேடம் சொன்னதால் அப்படியே சொல்கிறேன்.

இன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. காலையில் கடை திறந்ததும் சாம்பல் நிற ஃபோர் வீல் ஜீப் ஒன்று வந்து நின்றது. அதன் நம்பர் பலகையில் சேறு பூசியிருந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் தன் பெயர் பிரவீன்குமார் என்றும், கல்வராயன் மலையில் ரோடு கான்ட்ராக்ட் எடுத்திருப்பதாகவும், மேலே போன் எடுக்காததால் ஜீப்பில் வயர்லெஸ் செட் மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். கூட வந்தவரை இருசப்பன் என்று கூப்பிட்டார். செட்டுகள் இரண்டைப் பெட்டியோடு அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். என் தந்தை லைசென்ஸ் காகிதத்தைக் கேட்டார். "அதெல்லாம் மேல ஆபீஸ்ல கீது பாய். நீங்களே வந்து டெஸ்ட் பண்ணிக் குடுத்துட்டு, கையோட ஜெராக்ஸ் வாங்கிக்கினு வந்துடுங்க" என்று பிரவீன்குமார் சொன்னார். என் தந்தை சரி என்றார்.

செட்டோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் படித்துத் தமிழில் சொல்ல, என் தந்தை வேலை செய்தார். வயர்களை வண்டிச் சாவி வழியாகக் கொடுக்காமல் நேராக பேட்டரியில் கொடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டார். இன்ஜின் பக்கத்துத் தகட்டில் ஓட்டை போட்டு, தகடு வயரை அறுக்காமல் இருக்க அதில் ரப்பர் வளையம் வைத்தார். ஏரியலைக் கூரையின் நடுவில் நிறுத்தினார். ஏரியல் இல்லாமல் மைக் பட்டனை அமுக்கினால் செட் வெந்துவிடும் என்பதை நான் இரண்டு முறை சொன்னேன். "ஒரு தபா சொன்னா போதும் டீச்சர்" என்று என் தந்தை சொன்னார். இருசப்பன் சிரித்தார்.

அதன் பிறகு என் தந்தை செட்டை டேஷ்போர்டில் வைக்கப் போனபோது, வெளியே தெரியக் கூடாது என்று பிரவீன்குமார் தடுத்து, சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னார். பேசும்போது எரியும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். அதை மறைத்தால் பட்டன் அமுங்கியிருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும் என்று என் தந்தை சொன்னார். "இருட்டுல வெளிச்சம் தெரியக் கூடாது, ஒட்டு பாய்" என்று பிரவீன்குமார் சொன்னார். என் தந்தை ஒட்டினார். மைக்குக்குக் கொக்கியும் வேண்டாம் என்று சொல்லி, பிரவீன்குமார் அதைத் தன் சீட்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் செருகிக்கொண்டார்.

இன்னொரு செட்டைக் கடை மேசையில் வைத்து, அதன் ஏரியலை மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினோம். மதியத் தொழுகைக்குப் பிறகு பிரவீன்குமார் ஜீப்பை ஓட்ட, என் தந்தை பக்கத்தில் உட்கார்ந்து புறப்பட்டார்கள். இருசப்பன் என்னோடு கடையில் இருந்தார். கோமுகி அணை தாண்டியதும் என் தந்தை கூப்பிட்டார்.

"ஹப்சா, கேக்குதாம்மா?"

"நல்லா கேக்குது அத்தா."

"சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"செட்டு டெஸ்ட் பண்றீங்களா, சோறு ஊட்றீங்களா பாய்" என்று பிரவீன்குமார் சொல்வதும் கேட்டது. செட் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு இருசப்பன் எதிரே பிரியாணி சாப்பிடப் போனார்.

சிறிது நேரம் கழித்து மேசையில் இருந்த செட்டில், அந்தப் பக்கம் பட்டனை அமுக்கும்போது எரியும் பச்சை விளக்கு எரிந்து, அணையாமல் நின்றது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஜீப் மலை ஏறும் சத்தம் மட்டும் வந்தது. நான் பட்டனை அமுக்கி "அத்தா" என்றேன், பதில் இல்லை. அந்தப் பக்கம் பட்டன் அமுங்கியிருக்கும் வரை இந்தப் பக்கம் பேசுவது போய்ச் சேராது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதன் பிறகு பிரவீன்குமாரின் குரல் கேட்டது.

"மேல இன்னும் நாலு வண்டி கீது பாய். எல்லாத்துக்கும் மாட்டணும். போலீஸ் பேசறதும் இதுல கேக்கற மாதிரி பண்ணணும். லோடு எறக்கறப்ப யாரு வராங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியணும்."

"அது என்னால ஆகாதுங்க. என்னை இங்கயே எறக்கி வுட்ருங்க, பஸ்ல போயிக்கறேன்."

"முடிச்சிட்டுதான் எறங்கணும். போனைக் குடு."

என்ன லோடு என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அடி விழுந்தது போல ஒரு சத்தமும், என் தந்தை மூச்சை இழுப்பதும் கேட்டது. "வூட்ல பொண்ணு கீதுல்ல? எங்க ஆளு அங்கதான் உக்காந்துகினு கீறான்" என்று பிரவீன்குமார் சொன்னார்.

நான் கடை வாசலைப் பார்த்தேன். இருசப்பன் இன்னும் வரவில்லை.

அதன் பிறகு என் தந்தை, "இது பெரியார் அருவிங்களா?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "கரியாலூர் வந்துட்டமா?" என்று கேட்டார். பிறகு, "வலது பக்கம் மண்ரோட்ல திரும்பறமே, இது எங்க போவுதுங்க?" என்று கேட்டார். "இன்னா பாய், மலைக்கு மொத தபா வரியா?" என்று பிரவீன்குமார் கேட்டதற்கு, ஆமாம் என்றார். என் தந்தை வெள்ளிமலை வரை மாதந்தோறும் பேட்டரி கொண்டுபோய் மாட்டி வருபவர். அந்த ரோட்டில் அவர் யாரிடமும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. மைக் தானாக அமுங்கியதா, அவர் அமுக்கி வைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

இருசப்பன் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்ததும் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, பச்சை விளக்கு தெரியாமல் புத்தகத்தைச் சாய்த்து வைத்தேன். "இன்னா பாப்பா, எதுனா பேசுனாங்களா?" என்று கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். அவர் மைக்கை எடுக்கக் கை நீட்டினார். மாடியில் ஏரியல் கழன்றிருக்கும் போல, இப்போது பட்டனை அமுக்கினால் செட் வெந்துவிடும், உங்கள் முதலாளி உங்களைத்தான் கேட்பார் என்று சொன்னேன். கையை எடுத்துக்கொண்டார். ஏரியலைப் பார்த்து வருவதாகச் சொல்லி மேலே போய் என் தாயாரிடம் விவரம் சொன்னேன். நானே காவல் நிலையத்துக்குப் போன் செய்து, ஜீப்பின் நிறத்தையும், என் தந்தை கேட்ட இடங்களையும் சொன்னேன். நான் மாடியில் இருந்த நேரத்தில் என் தந்தை வேறு ஏதாவது கேட்டிருந்தால் அது எனக்குத் தெரியாது.

நானும் என் தாயாரும் கீழே வந்தபோது இருசப்பன் புத்தகத்தை எடுத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த நீலத் தண்ணி டேங்காண்டயே நிக்கப் போறமா?" என்று என் தந்தையின் குரல் வந்தது. "ஆமா, எறங்கு" என்று பிரவீன்குமார் சொன்னார். இருசப்பன் என்னைப் பார்த்தார். மைக்கைப் பிடித்து, "அண்ணே, பட்டன் அமுங்கிக்கினு கீது, எல்லாம் இங்க கேக்குது" என்று கத்தினார். அது அங்கே போகாது என்பதை நான் சொல்லவில்லை. போனிலும் கூப்பிட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அதன் பிறகு ஆணியில் மாட்டியிருந்த என் தந்தையின் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். தடுத்த என் தாயாரைத் தள்ளிவிட்டு, அந்த வண்டியிலேயே மலைப் பக்கம் போனார். உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்து அந்த நீல டேங்கையும், இருசப்பன் போவதையும் சொன்னேன். மலைக்குப் போகும் போலீஸ் வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்று சொன்னார்கள்.

மேடம் வருவதற்குச் சற்று முன்னால் பச்சை விளக்கு அணைந்தது. அதுவரை ஜீப் கதவு சாத்தும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அணைந்த பிறகு நான் பட்டனை அமுக்கிக் கூப்பிடவில்லை. அங்கே செட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மேசையில் உள்ள செட்டைச் சான்றுப் பொருளாகக் கைப்பற்ற வேண்டும் என்று மேடம் சொன்னார்கள். என் தந்தை வந்து சேரும் வரை அதைக் கழற்றாமல், பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பேச்சு வரவில்லை. அதையும் எழுதச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

இதில் உள்ளவை யாவும் நான் நேரில் பார்த்ததும் என் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. படித்துக் காட்டியது நான் சொன்னபடியே சரியாக உள்ளது.

(ஒப்பம்) அ. ஹப்சா
உடனிருந்தவர்: (ஒப்பம்) ஜ. மெகருன்னிசா, தாயார்