செல்லாத உதை

— வெளியே போச்சு. வலது கம்பத்துக்கு வெளியே.

— டோபி, விசில் கேக்கலையாடா?

— கேட்டுச்சு. ஆட்டம் முடிஞ்ச விசில்.

— இல்லடா மடையா. நீ உதைக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி அவங்க கோச் டைம்-அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்திட்டார். உன்னைப் பதற வைக்கப் பாத்தார், தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டார். இந்த உதை செல்லாது. மறுபடி உதைக்கணும்.

— மறுபடியுமா?

— என்னமோ மறுபடி பல்லைப் பிடுங்கப் போற மாதிரி கேக்குற! ரெண்டு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். இது ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல போனா மூணு பாயிண்ட், ஜெயிச்சோம். முப்பது கெஜம்தான். டிவிக்காரன் விளம்பரம் முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடு.

— நீ என்கூடப் பேசலாமா ராய்ஸ்? உதைக்கப் போறவன்கிட்ட யாரும் பேசக்கூடாதே.

— அது ஓரத்துல நிக்கிறவனுங்க போட்ட சட்டம். நான் உன் காலடியில முட்டி போட்டு, நீ உதைக்கிற வரைக்கும் பந்தை விரலால பிடிச்சு நிறுத்துறவன். என் விரல் எனக்கு வேணும்ல, பேசித்தான் ஆகணும்.

— ஒண்ணு சொல்லட்டா? பந்து வெளியே போனதும் திரும்பி நம்ம பசங்களைப் பாத்தேன். அவங்களுக்கும் அந்த விசில் இன்னும் உறைக்கல.

— ம்.

— ஒருத்தன் முகத்துலயும் ஆச்சரியம் இல்ல. கோபம்கூட இல்ல. வரும்னு தெரிஞ்ச மழை வந்த மாதிரி நின்னாங்க.

— குளிருடா தம்பி. நெப்ராஸ்கா நவம்பர்ல ஆச்சரியப்படணும்னா வாயைத் திறக்கணும். எவன் திறப்பான்?

— சும்மா சொல்லாத.

— சரி. சொல்லல.

— காலையில கோச் உன்னைக் கூப்பிட்டு என்னைப் பத்திக் கேட்டார்ல?

— யார் சொன்னா?

— பூன். பந்தை உன்கிட்ட எறியறதைவிட வதந்தியத்தான் வேகமா எறியறான்.

— கேட்டார். ஸ்காலர்ஷிப் ஒண்ணுதான் இருக்காம். இந்தப் பையனுக்கே குடுக்கவா, வேற எவனையாவது தேடவான்னு.

— நீ என்ன சொன்ன?

— உள்ளதைத்தான் சொன்னேன். மைதானம் காலியா இருந்தா அம்பது கெஜத்துல இருந்தும் நடுவுல போடுவான். ஆள் கூடிட்டா, கால் பந்துல படறதுக்கு முன்னாடியே கண்ணு கூட்டத்துக்குப் போயிடுது. கால்ல ஒரு குறையும் இல்லன்னேன்.

— தலையில குறை.

— தலையிலயும் இல்ல. கேளு. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுல நாங்க எல்லாரும் சில்லிக் கறிக்குழம்புல சினமன் ரோல் பன்னை முக்கிக்கிட்டு கத்திக்கிட்டு இருப்போம். நீ தட்டைத் தூக்கிக்கிட்டு சலவை ரூமுக்குப் போயிடுற.

— அங்க சூடா இருக்கும். எங்க ஊர் யூமா மாதிரி.

— யூமாவுல எல்லாரும் சலவை மெஷின்கிட்டதான் பேசுவீங்களா?

— நான் பேசறப்ப அது பாதியில எழுந்து போகாது.

— நாங்க எழுந்து போயிடுறோமா?

— விடு. இது உள்ள போகலைன்னா வீட்டுக்குத்தான். ஃபீஸ் கட்ட அம்மாவால முடியாது. இந்நேரம் லெட்டூஸ் கீரை பேக் பண்ற வேலையில நிப்பா. ஆட்டம் எந்த சேனல்னுகூட நான் சொல்லல.

— ஏன்டா?

— பாக்கக்கூடாதுன்னுதான்.

— ராய்ஸ்! இங்க வா! நீ மட்டும்!

— கோச் கூப்பிடறார். இங்கயே நில்லு, வந்துடறேன்.

— சரி.

— வந்துட்டேன்.

— என்னவாம்?

— ஒண்ணுமில்ல. காத்து இடதுபக்கமா அடிக்குதாம்.

— அதுக்கா காதுல வந்து ரகசியம் பேசினார்? உன் மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— என் மூஞ்சி பொறந்ததுல இருந்தே ஒரு மாதிரிதான். அங்க பாரு, மேல, பச்சைத் தொப்பி. எங்கப்பா. பக்கத்துல கம்பளி போத்தியிருக்கிறது அம்மா. நாலு வருஷமா ஒரு ஆட்டத்தையும் விடல.

— உன்னைப் பாக்கவா?

— நான் பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடறதை ஒரு தடவையாவது பாக்க. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் வரிசையில எனக்கு முன்னாடி நிக்கிற ரெண்டு பேரும் கால் ஒடிஞ்சு விழுந்தாத்தான் என் முறை. படுபாவிங்க, ஒருத்தனுக்கு ஜலதோஷம்கூட வரல. சர்ச்சுலகூட நீ இவ்வளவு முட்டி போட்டதில்லையேடான்னு அம்மா சொல்றா.

— உனக்கு இதுதானே கடைசி ஆட்டம்?

— இதுதான். இதுக்கப்புறம் மாமாவோட டயர் கடை.

— நீ இதையெல்லாம் சொன்னதே இல்லையே.

— நீ கேட்டதில்லையே. நானும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. அது போகட்டும்.

— ராய்ஸ், பயமா இருக்கு.

— விசில் அடிச்சுட்டான். உன் இடத்துக்குப் போ. பூன் பந்தை எறியக் குனிஞ்சுட்டான்.

— கோச் உண்மையில என்ன சொன்னார்?

— 'அவன் மறுபடியும் வெளியேதான் அடிப்பான். பந்தைக் கீழ வைக்காத, எடுத்துக்கிட்டு நீயே ஓடு, கோட்டைத் தாண்டினாலும் ஜெயிச்சோம். அவனுக்குத் தெரிய வேண்டாம்'னார்.

— அப்ப ஓடு ராய்ஸ். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

— நான் பந்தைக் கீழதான் வைக்கப் போறேன்.