ஒரு கண்ணி குறையுது

— இழுக்காதீங்க மேடம், இழுக்காதீங்க! நூல் என்ன உங்களுக்கு ஆகாதவங்களா? கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க.

— விட்டா நழுவுது அண்ணே.

— நழுவட்டும். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும். இறுக்கிப் பிடிக்கிறவன்தான் வண்டியைக் கொண்டு போய் மரத்துல சாத்துவான். ஆள்காட்டி விரல்ல நூல் ஒரு சுத்து. ஆங், அப்படித்தான். இப்ப அந்த வளையத்துக்குள்ள ஊசியை விடுங்க.

— விட்டேன்.

— ஊசி முனைக் கொக்கியில நூலைப் பிடிச்சு வெளிய இழுங்க. ஊசி மேல ரெண்டு வளையம் உக்காந்திருக்கா? மறுபடி நூலைப் பிடிச்சு, ரெண்டுக்குள்ளயும் ஒரே இழுவையா இழுங்க.

— இதோ... வந்துடுச்சு. ஐயோ, வந்துடுச்சு அண்ணே!

— அதுதான் ஒரு கண்ணி. வளையத்துக்குள்ள இதே மாதிரி ஆறு போடணும். அவ்வளவுதான் விஷயம்.

— மணி என்ன?

— ஒண்ணரை. மூணரைக்கு மலையை விட்டு இறங்கினா நாலரைக்கு ஸ்கூல் வாசல்ல நிக்கலாம். கீழ ரயில்வே கேட் போட்டிருந்தா அதுக்கும் பத்து நிமிஷம் சேர்த்துதான் சொல்றேன். வண்டிக் கணக்கை என்கிட்ட விடுங்க, நீங்க ஊசியைப் பாருங்க.

— ரெண்டு மணி நேரத்துல ஒரு ஏலியன் பண்ணிட முடியுமா?

— உங்க பொண்ணு ஸ்கூல் பைல மாட்டற பொம்மைதானே? கட்டை விரல் உசரம். ஒரு தலை, ரெண்டு கொம்பு, மூணு கண்ணு. நான்னா முக்கால் மணி நேரம். நீங்கன்னா... அதான் ரெண்டு மணி நேரம் இருக்கே.

— பத்தொம்பது வருஷமா இந்த ரூம்ல உக்காந்து தேடினேன். இடத்தையே மூடற கடைசி நாள்ல நானே ஒண்ணு பின்னிக்கிட்டுப் போறேன். யாராவது பார்த்தா சிரிப்பாங்க.

— சிரிக்க யார் இருக்கா? எல்லாரும் போன வாரமே பெட்டியைக் கட்டிட்டாங்க. இருக்கறது நீங்க, நான், வெளிய வானத்தைப் பார்த்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற அந்தப் பெரிய ஆன்டெனாத் தட்டு. நாலு மணிக்கு ஒருத்தர் வந்து மெயினை அணைச்சுட்டா அதுக்கும் தூக்கம்தான்.

— நாலு மணி வரைக்கும் அது கேட்டுக்கிட்டுதான் இருக்கும். ஸ்பீக்கர்ல உஷ்னு வருதே, அது முழுக்க வானம் அண்ணே.

— எனக்கு அது குழாயில தண்ணி வர்றதுக்கு முன்னாடி காத்து வர்ற சத்தம் மாதிரிதான் கேக்குது. பத்தொம்பது வருஷமா காத்துதான் வருது, தண்ணி வந்தபாடில்லை.

— குத்துங்க, நல்லா குத்துங்க.

— உங்களைச் சொல்லலை மேடம், தட்டைச் சொன்னேன். இன்னைக்கு அது எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு?

— மறந்துட்டீங்களா? பட்டியல்ல இருந்த நட்சத்திரம் எல்லாம் முடிஞ்சு போச்சு, நீங்களே ஒரு பக்கம் சொல்லுங்கன்னு காலைல கேட்டேன். தண்ணி டேங்குக்கு மேலன்னு கையைக் காட்டினீங்க.

— அட, நெஜமாவே அங்க திருப்பிட்டீங்களா? நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

— திருப்பினேன். பேருக்கு ஒரு மங்கலான நட்சத்திரம் இருக்கு அங்க. அதை யாரும் சீண்டினதே இல்லை.

— அப்ப நல்ல இடம்தான். நான் வண்டி நிறுத்தறதும் அப்படிப்பட்ட மூலையிலதான். எவனும் வந்து கண்ணாடியைத் தட்ட மாட்டான், நான் பாட்டுக்குப் பின்னிக்கிட்டு இருக்கலாம்.

— இதை எங்க அண்ணே கத்துக்கிட்டீங்க?

— டிரைவர் வேலைன்னா ஓட்டறது கால்வாசி, காத்துக்கிட்டு இருக்கறது முக்கால்வாசி. மத்தவங்க சீட்டு ஆடுவாங்க, தூங்குவாங்க. எனக்கு உக்காந்தா தூக்கம் வராது. புஸ்தகத்தைப் பார்த்து மொதல்ல ஸ்டியரிங்குக்கு ஒரு உறை பின்னினேன். ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சுருங்கி, வண்டிக்குப் பல்வலி வந்து துணி கட்டின மாதிரி இருந்துச்சு. என் வீட்டம்மா நாலு நாள் சிரிச்சா.

— ஆறு போட்டுட்டேன்.

— நூலோட வாலைப் பிடிச்சு இழுங்க, வளையம் மூடிக்கும். பார்த்தீங்களா, உச்சந்தலை ரெடி. இனி ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ரெண்டு ரெண்டா போடுங்க. மொத்தம்?

— பன்னெண்டு. நான் டாக்டர் பட்டம் வாங்கினவ அண்ணே.

— பட்டம் வாங்கினவங்கதான் எண்ணாம விடுவாங்க. சுத்து ஆரம்பிக்கிற இடத்துல இந்த ஜெம் கிளிப்பை மாட்டுங்க. இல்லைன்னா எங்க கிளம்பினோம்னே தெரியாம சுத்திக்கிட்டே இருப்பீங்க. மேசையைத் தட்டாதீங்க மேடம், கை ஆடும்.

— நான் தட்டலையே. நீங்க காலைத் தட்டறீங்கன்னு நெனைச்சேன்.

— நான் ஏன் தட்டறேன்? ஆறு வாட்டி கேட்டுச்சே.

— கூரைத் தகரமா இருக்கும். வெயில் ஏறினா அது அப்படித்தான் டிக் டிக்னும்... அண்ணே, இந்த மஞ்சள் தவிர வேற நூல் இல்லையா? ஏலியன்னா பச்சையா இருக்கும்.

— யாரு பார்த்தா?

— யாரும் பார்க்கலை. ஆனா குட்டி பச்சையாத்தான் வரைஞ்சிருந்தா. பள்ளிக்கூடத்துல 'அம்மாவின் அலுவலகம்'னு படம் வரையச் சொல்லியிருக்காங்க. மேசை, கம்ப்யூட்டர், இந்த ஸ்பீக்கர், எல்லாம் அப்படியே இருக்கு. என் நாற்காலியில மட்டும் மூணு கண்ணோட அது உக்காந்திருக்கு.

— நீங்க எங்க இருக்கீங்க படத்துல?

— இல்லை.

— கையை நிறுத்தாதீங்க, பின்னிக்கிட்டே சொல்லுங்க.

— அவ அப்பா கப்பல்ல, நான் மலையில. அஞ்சு நாள் அத்தை வீட்டுல சாப்பிட்டுத் தூங்கற புள்ளை. போன மாசம் போன்ல கேட்டா, “அம்மா, ஏலியன் கெடைச்சுட்டா நீ வீட்டுக்கு வந்துடுவியா, அங்கயே இருந்துடுவியா?”ன்னு. என்ன சொல்றது? கெடைச்சுட்டா அப்புறம் தூக்கம் ஏது, வீடு ஏது? உண்மையைத்தான் சொன்னேன். “அப்ப அது கெடைக்கவே கூடாது”ன்னுட்டு போனை அத்தை கையில கொடுத்துட்டா. அன்னையிலேருந்து என்கிட்ட பேசறதில்லை.

— ஏழு வயசுக்கு நல்ல வாய் மேடம்.

— மூணு தடவை ஸ்கூல் வாசலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன் அண்ணே. மூணு தடவையும் போகலை. ஒரு தடவை மெஷின் நின்னு போச்சு, ஒரு தடவை மீட்டிங், ஒரு தடவை... ஒண்ணுமில்லை, இங்கயே உக்காந்திருந்துட்டேன். இன்னைக்கு நாலாவது. இன்னைக்கும் அவ வெளிய வந்து பார்க்கும்போது நான் இல்லைன்னா, இனி அவ வாசலையே பார்க்க மாட்டா.

— அதுக்குத்தான் வண்டி நிக்குதே. மூக்கை உறிஞ்சாதீங்க, நூல் நனைஞ்சா வழுக்கும்.

— அவ கையில இதைக் கொடுத்து, அம்மா தேடினது இதுதான், கெடைச்சுடுச்சு, இனி தேடப் போக மாட்டேன்னு சொல்லணும்.

— கடையில அழகா ஒண்ணு வாங்கிட்டுப் போயிருக்கலாமே?

— கடைப் பொம்மைன்னா கண்டுபிடிச்சுடுவா. கோணலா இருந்தாத்தான் நெஜம்னு நம்புவா.

— கோணலுக்குக் குறைச்சல் இருக்காது, அதுக்கு நான் பொறுப்பு. பன்னெண்டு ஆச்சா? அடுத்த சுத்துல ஒண்ணுல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு கியர் மாத்திக்கிட்டே போகணும். முடிக்கும்போது பதினெட்டு வரணும்.

— ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... என்ன அண்ணே வாய்க்குள்ள முணுமுணுக்கறீங்க?

— தகரம் மறுபடி அடிச்சுது. பன்னெண்டு வாட்டி.

— அதை எதுக்கு எண்ணுறீங்க?

— பழக்கதோஷம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் கால் எத்தனைன்னு எண்ணிட்டுத்தான் உக்காருவேன்.

— முடிச்சுட்டேன். பாருங்க, கிண்ணம் மாதிரி குழிஞ்சு வருது!

— கொடுங்க. ம்... ம்... பதினேழு.

— பதினெட்டு இருக்கும். நல்லா எண்ணுங்க.

— ரெண்டு தரம் எண்ணிட்டேன். ஒரு கண்ணி குறையுது. கிளிப்புக்குப் பக்கத்துல ஒண்ணைத் தாண்டிட்டீங்க. புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் இங்கதான் விழுவாங்க. அதுலயும் அவசரத்துல இருக்கறவங்க கண்டிப்பா விழுவாங்க.

— ஒண்ணுதானே? அப்படியே போயிடலாமே.

— போகலாம். தலை ஒரு பக்கம் சாயும். அந்தச் சுத்தை மட்டும் பிரிங்க, மெதுவா... மேடம்! மேடம், நிறுத்துங்க!

— அய்யய்யோ.

— மொத்தத்தையும் உருவிட்டீங்களா?

— நிக்கவே இல்லை அண்ணே. ஒரு இழுப்புல எல்லாம் போயிடுச்சு.

— சரி விடுங்க. நூல் எங்கயும் போகலையே, கையிலதானே இருக்கு. ஆறுலேருந்து ஆரம்பிங்க.

— மணி?

— ரெண்டு பத்து. மணியைக் கேட்டா கண்ணி விழாது.

— ஒண்ணு. ரெண்டு. மூணு...

— சத்தம் போட்டு எண்ணுங்க. நான் போய் முதலுதவிப் பெட்டியில பஞ்சு இருக்கான்னு பார்க்கறேன்.

— ...பதினேழு, பதினெட்டு! அண்ணே, பதினெட்டு!

— சபாஷ். இனி மூணு சுத்து சும்மா ஓட்டுங்க, கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். நேர் ரோடு. தூங்கிடாதீங்க.

— தூக்கம்தான் வருது. இந்த உஷ் சத்தமும், விரல்ல நூல் ஓடறதும்... கட்டிலுக்கு அடியில ஆறு ஓடற மாதிரி இருக்கு. இத்தனை வருஷத்துல இந்தச் சத்தத்தை நான் நிம்மதியா கேட்டதே இல்லை தெரியுமா? எப்பவும் உள்ள ஏதாவது இருக்கான்னு நோண்டிக்கிட்டே இருந்தேன். இன்னைக்குத்தான் சும்மா கேக்கறேன்.

— சும்மா கேளுங்க. கையை மட்டும் நிறுத்தாதீங்க... ஆங், இனி ரெண்டு கண்ணியைச் சேர்த்து ஒண்ணாக்குங்க, வாய் சின்னதாகும். மூடறதுக்கு முன்னாடி பஞ்சைத் திணிங்க. இன்னும். தலையில கொஞ்சம் சரக்கு இருக்கட்டும்.

— கண்ணுக்கு?

— என் பழைய சட்டைப் பட்டன் மூணு இருக்கு. கொம்புக்கு அஞ்சஞ்சு கண்ணிச் சங்கிலி. மாட்டறதுக்கு வண்டிச் சாவி வளையம் ஒண்ணு உபரியா கெடக்குது.

— ஒரு கொம்பு நீளமா போச்சு அண்ணே.

— அது அதுக்கு நல்லா காது கேக்கட்டும்னு... தூக்கிப் பிடிங்க பார்ப்போம். அட! முழிக்குது மேடம்.

— முழிக்குது. ஐயோ, நெஜமாவே என்னைப் பார்த்து முழிக்குது. இது ஏன் அண்ணே எனக்கு அழுகை வருது?

— வரட்டும். வண்டியில வச்சு அழுதுக்கலாம், மூணு இருபத்தஞ்சு ஆச்சு. கெளம்புங்க.

— பையை எடுத்துக்கறேன்... அண்ணே, வெளிய ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?

— ரெண்டு மணிக்கே மேகம் மூடிடுச்சே. ஜில்லுனு காத்து அடிக்குது, நீங்க எங்க கவனிச்சீங்க?

— வெயில் இல்லை.

— இல்லை.

— அப்ப தகரம் ஏன் அடிக்குது?

— ...இப்ப அடிக்குதா?

— பேசாதீங்க. ஸ்பீக்கர்கிட்ட வாங்க.

— ...நாலு... அஞ்சு... ஆறு. நின்னுடுச்சு.

— இது தகரம் இல்லை.

— மேடம், உக்காருங்க.

— திரையைப் பாருங்க. ஒண்ணரை மணியிலேருந்து பதிவானது எல்லாம் இதுல இருக்கு. இந்தக் குச்சி குச்சியா நிக்குதே, அதை எண்ணுங்க. எனக்குக் கண்ணு மறைக்குது. நீங்க எண்ணுங்க.

— இது ஆறு. அப்புறம் சும்மா கெடக்குது. இது பன்னெண்டு. மறுபடி சும்மா. இது... பதினாலு, பதினஞ்சு, பதினாறு...

— பதினெட்டா?

— பதினேழு.

— நல்லா எண்ணுங்க.

— ரெண்டு தரம் எண்ணிட்டேன் மேடம். ஒரு கண்ணி குறையுது. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்லை. இப்பதான் ஆறு.

— பிரிச்சுட்டாங்க.

— யாரு?

— அங்க யாரோ. கடைசி வரைக்கும் உருவிட்டு, மறுபடி ஆறுலேருந்து ஆரம்பிக்கறாங்க.

— பதினேழு போடறது புதுசா கத்துக்கறவங்க. அவசரத்துல இருக்கறவங்க.

— தெரியும்.

— அவங்களும் யாருக்கோ பொம்மை பண்றாங்க. நம்மள மாதிரி ரெண்டே கண்ணு வச்சு, கொம்பு இல்லாம... மேடம், இப்ப என்ன பண்றது? இதை நீங்கதானே சொல்லணும்? நீங்க இல்லைன்னா நாலு மணிக்கு வர்றவர் பேரைத் தட்டிக்கிட்டுப் போயிடுவாரே! பத்தொம்பது வருஷம் மேடம்!

— மெயின்ல 'அணைக்காதே'ன்னு ஒரு காகிதம் ஒட்டுங்க. ஆபீசுக்கு நான் போன்ல சொல்லிடறேன். பதிவு அது பாட்டுக்கு ஓடட்டும்.

— நீங்க?

— அண்ணே, அந்த நட்சத்திரத்துலேருந்து ஒரு சிக்னல் இங்க வந்து சேர எவ்வளவு நாள் ஆகும் தெரியுமா?

— எவ்வளவு ஆகும்?

— அறுபது வருஷம்.

— அப்ப இப்ப நாம கேட்டது...

— அறுபது வருஷத்துக்கு முன்னாடி அவங்க விட்ட கண்ணி.

— அப்ப அந்தப் பொம்மைக்குக் காத்துக்கிட்டு இருந்த குட்டி? அது இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்குமே மேடம்!

— எங்க குட்டிக்கு இன்னும் ஏழு வயசுதான் அண்ணே. வண்டியை எடுங்க.