மாலையைத் தின்ற மாடும் மருத்துவர் தணிகாசலனாரும்

இந்த அவையைத் தாங்கும் தலைவர் அவர்களே! துயரால் தலைகவிழ்ந்திருக்கும் படப்பைப் பெருமக்களே! பால் கறந்த கையோடு பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஓடிவந்த தாய்மார்களே!

நம் கால்நடைத் தடுப்பூசி, நோயறி ஆய்வகத்தைத் தோற்றுவித்த பெருமகனார், மருத்துவர் தணிகாசலனார் மறைந்தார்! "அழாதய்யா, மாடு மிரளும்" என்று என்னை அதட்ட இன்று அவர் இல்லையே!

குளிர்பதன அறையும் நுண்ணோக்கிகளும் கொண்ட இவ்வாய்வகம் ஐம்பத்தெட்டில் எப்படி இருந்தது? ஓர் ஓட்டுக் கொட்டகை! ஒரு பனிக்கட்டிப் பெட்டி! அதைச் சுமக்க நான்! அவ்வளவே!

அந்த ஆண்டு வெக்கைநோய் வந்தது. அண்டை ஊர்த் தொழுவங்கள் வெறுமையாயின. பிள்ளைப்பாக்கத்தார் என்ன செய்தார்கள்? "ஊசி போட்டா பால் வத்திடும்" என்று மாடுகளை ஏரிக்கரையில் ஒளித்தார்கள்!

மருத்துவர் சினந்தாரா? இல்லை! முரசறைந்து அறிவித்தார்: முதல் ஊசி பெறும் மாட்டுக்கு, திருவிழாவில் தருவதுபோல், மாலையும் மேளமுமாக முதல் மரியாதை!

மறுநாள் ஊரே திரண்டது. மருந்தைக் கரைத்தார். கரைத்த மருந்து பனிக்கட்டி உருகுமுன் மாட்டின் உடலில் ஏறவேண்டும். இல்லையேல் அது வெறுந்தண்ணீர்! அப்போதுதான் வெடித்தது போர்!

"மொதல் மரியாதை எங்க தெருவுக்குத்தான்!" என்றார் கிழக்குத்தெரு கோதண்டராமன்.

"இன்னாய்யா இது? தேர் வடத்தையும் நீயே புடிப்ப, ஊசியும் உனக்கேவா?" என்றார் மேற்குத்தெரு எல்லப்பன்.

நேற்று ஊசிக்கு அஞ்சி ஓடியவர்கள், இன்று ஊசிக்காக வேட்டியை மடித்துக் கட்டினார்கள்! பனிக்கட்டி உருகுகிறது. "மரியாதைன்னு சொன்னது என் தப்புய்யா, வுட்டுடுங்க" என்று மருத்துவர் கெஞ்சுகிறார். கேட்டார்களா?

கேட்டது ஒரு பசு மட்டுமே! மரகதம் அம்மையாரின் பசு, மேளக்காரர் தோளில் கிடந்த மாலையை இழுத்து மெல்லத் தொடங்கியது. சாமந்தி போயிற்று! நாரும் போயிற்று! மேளமும் நின்றது!

"அடப்பாவி மாடே! மரியாதைய துன்னுட்ச்சே!" என்று அலறினார் எல்லப்பன்.

"அதான் துன்னு தீர்த்துட்ச்சே, இன்னும் இன்னாத்துக்குச் சண்டை? நீ போடு டாக்டரே!" என்றார் மரகதம் அம்மையார்.

போட்டார்! மாலை தின்ற மாட்டுக்கே முதல் ஊசி! பெட்டியில் கடைசிப் பனிக்கட்டி கரைவதற்குள், ஊசி காணாத மாடு ஊரிலில்லை. அவ்வாண்டு பிள்ளைப்பாக்கத்தில் வெக்கைநோயால் ஒரு மாடும் சாகவில்லை. பால் வற்றியதா? "ரெண்டு படி கூடவே கறக்குது" என்றார் எல்லப்பன். அதை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை!

உடன்பிறப்புகளே! நாளை ஆய்வகத்துக்குத் துயர்விடுமுறை விடலாமா என்று கேட்டார்கள். நோய் விடுமுறை எடுக்குமா? நாளை ஒரகடத்தில் கோமாரித் தடுப்பூசி முகாம். நாள் குறித்தவர் அவர். அவரின்றி நாங்கள் நடத்தும் முதல் முகாம் அது. ஆயினும் நடக்கும்! அவரை வணங்க விரும்புவோர் இம்மண்டபத்தில் காத்திருக்க வேண்டா. கண்ணீரைத் துடையுங்கள்! விடிந்ததும் மாடுகளை ஓட்டி வாருங்கள்!