பொத்தானுக்குப் பெயர் கேட்டவருக்கு

செவியே விழியாக, சொல்லே வழியாக, இம்மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் முப்பத்தோராண்டு வீற்றிருந்த எங்கள் அண்ணா! முகம் பாராமலே, முனகலைக் கேட்டே நோயாளியின் அவசரம் அறிந்த முதல்வரே! வணக்கம்.

முன்பதிவுக்கு அழைத்த எவரையும் தாங்கள் மூன்றாம் மணியொலிக்கு மேல் காக்க வைத்ததில்லை. இன்று மாலை தங்களோடு அந்தத் தொலைபேசியும் ஓய்வு பெறுகிறது. இனி முன்பதிவு இணையதளத்தில் மட்டுமே. அதைக் கட்டியவர்கள்தாம் இம்மடலை வாசிக்கிறோம்.

எல்லாம் முடிந்தபின், ஊருக்கு உபசாரமாகத் தங்களை அழைத்துச் சோதிக்கச் சொன்னோம். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மணிநேரம் போராடினீர்கள். "தம்பி, டாக்டர் பேரு வரைக்கும் வந்துட்டேன். அதுக்கப்புறம் 'பொத்தான், பொத்தான்'னே சொல்லுது. எது எந்த நேரம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு எழுதி வைங்கப்பா" என்றீர்கள். "அடுத்த தடவை பாத்துக்கலாம்ணா" என்றோம். அரைநாள் வேலை, அண்ணா. அந்தப் பொத்தான் நீலமா பச்சையா என்று நான்கு நாள் சண்டையிட்டவர்கள் நாங்கள்!

தாங்கள் திரைமுன் அமர்ந்திருந்ததைப் படமெடுத்து, 'அனைவருக்குமான தளம்' என்று முகப்பில் போட்டோம். அதற்கும் மென்பொருள் வாசிக்க விளக்கம் எழுதவில்லை. தங்கள் முகமே தங்கள் காதில் 'படம்' என்றுதான் விழும். வெட்கமாக இருக்கிறது.

பொத்தான்களுக்குப் பெயர் கேட்டு, அதன்பின் மூன்றாண்டில் பதினான்கு கடிதம் எழுதினீர்கள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் நிர்வாகி வாய் திறந்தார்: "பக்கத்து வீட்டுல யார்கிட்டயாவது சொல்லிப் பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க." எந்த மருத்துவர், என்ன நோய் என்பது பக்கத்து வீட்டுக்கும் தெரிந்தாக வேண்டுமாம். ஆயிரமாயிரம் பேரின் நோயைக் கேட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாத தங்களுக்கா இந்தப் பதில்!

கடமை தவறாத காவலரே! கோபத்திலும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! இம்மடலையும் கண்ணாடிச் சட்டமிட்டே தருகிறோம். தடவினால் ஓர் எழுத்தும் விரலில் தட்டுப்படாது, வழவழவென்றிருக்கும். இதிலும் நாங்கள் திருந்தவில்லை.

வழக்கப்படி வாழ்த்தியாக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் தாங்கள் இங்கேதான் காட்டிக்கொள்கிறீர்கள் என்பதை அறிவோம். ஆயினும், நோயின்றி நூறாண்டு வாழ்க, அண்ணா! நோய் வந்தால், எங்கள் வாசலைத் தங்களால் திறக்க முடியாது.

தலைகுனிந்து,
இணையதளப் பிரிவினர்