திங்கட்கிழமைக் காலைத் தண்ணீர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆய்வு நிலையத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கும் விஞ்ஞானி அம்மா அவர்களே, என் பேத்தியோடு ஒரே அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த ஆசிரியப் பெருமக்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, தரையில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழவியின் வணக்கம்.

இங்கே நின்று பேச வேண்டியவள் என் மகள். பெற்றவள் அவள்தான். அதோ, முதல் வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். "நீயே பேசும்மா, எனக்கு நாக்கு எழும்பல" என்று சொல்லிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நடுவில் நிறுத்தி நிறுத்திப் படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவள் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளுக்குக் குழாய் டீச்சர். எங்கள் வீட்டில் பாப்பா. முப்பத்தொரு வயதிலும் பாப்பாதான்.

பள்ளி ஆசிரியர்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு திட்டம் இருக்கிறது என்று அவள் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. விடுமுறையில் ஆறு வாரம் தினமும் ஆய்வு நிலையத்துக்குப் போய்வர வேண்டும். பிறகு ஆண்டு முழுவதும் சனிக்கிழமைதோறும் போக வேண்டும். கண்டுபிடித்ததைத் தன் பள்ளியிலும், மற்ற பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். நானூறு பேர் விண்ணப்பம் போட்டார்கள். பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி என் பேத்தி. நான் அதைச் சொல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது, பக்கத்து வீட்டுக்காரி பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாசல் வரைக்கும் கூடப் போனேன். பெருமைப்படாமல் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

முதல் வாரம் முழுக்க வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்றாங்க அங்க?"

"பாட்டில் கழுவுறேன் பாட்டி. ஆறு நாளா பாட்டில்தான்."

"இதுக்கா அவ்வளவு படிச்ச? வீட்டுல ஒரு டம்ளர் கழுவி நான் பாத்ததில்லையே."

"வீட்டு டம்ளர ஆசிட்ல கழுவணும்னா சொல்லு, நாளைக்கே கழுவுறேன்."

சிரித்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதிகம் சிரிக்கவில்லை.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இந்தப் பள்ளியின் குடிதண்ணீர். ஆறு குழாய்கள். பழைய கட்டடம், பழைய இணைப்புகள். அதில் காரீயம் கரைந்து வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. காரீயம் என்றால் நிறம் இருக்காது, வாடை இருக்காது, ருசியும் மாறாது. பிள்ளைகள் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காய்ச்சினாலும் போகாது. இதை எல்லாம் எனக்கு அவள்தான் சொன்னாள்.

இப்போது நான் சொல்லப் போவது அவள் செய்த தப்பு. செத்துப் போனவளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். அவளே எழுதி வைத்ததைத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை தண்ணீர் எடுத்தபோது மணி பதினொன்று. குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அப்புறம்தான் பாட்டிலில் பிடித்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க அது சரியான முறையாம். பாட்டில்கள் நிலையத்துக்குப் போயின. ஆறும் நல்லது என்று வந்தது. காலைக் கூட்டத்தில் மேடை ஏறி, "நம்ம பள்ளித் தண்ணி சுத்தம், பயமில்லாம குடிங்க" என்றாள். நீங்கள் கை தட்டினீர்கள். தலைமையாசிரியர் ஐயா அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

அடுத்த சனிக்கிழமை இதோ இந்த விஞ்ஞானி அம்மா அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"பதினொரு மணிக்கு மேடம்."

"உங்க பிள்ளைங்க எத்தனை மணிக்குக் குடிப்பாங்க?"

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. முதல் பேருந்தில் வரும் பிள்ளைகள் ஏழேகால் மணிக்கே பள்ளிக்குள் வந்துவிடுகிறார்கள். வந்ததும் நேராகக் குழாய்க்குத்தான் ஓடுகிறார்கள். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் அது. திங்கட்கிழமை என்றால் இரண்டு நாள் தேங்கிய தண்ணீர். காரீயம் கரைவது அப்படித் தேங்கி நிற்கும்போதுதான். என் பேத்தி பிடித்தது பிள்ளைகள் குடிக்காத தண்ணீரை. பிள்ளைகள் குடிப்பதை அவள் பிடிக்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆறரை மணிக்கு வந்தாள். ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் முதல் தண்ணீரைப் பிடித்தாள். மறு திங்கட்கிழமையும் பிடித்தாள். இரண்டு தடவையும் ஒரே முடிவுதான். ஆறில் நான்கு குழாய்களின் தண்ணீரில் காரீயம் அளவுக்கு மீறி இருந்தது.

பெற்றோர்களே, உங்களில் பலர் இதை இப்போதுதான் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டம் தொடங்கும் முன் தலைமையாசிரியர் ஐயா என் பக்கத்தில் வந்து, "இன்னைக்கு அந்தப் பேச்சு வேண்டாம் பாட்டிம்மா, இன்னொரு நாள் பேசிக்கலாம்" என்று தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டார். ஐயா, மன்னிக்க வேண்டும். இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று நாமெல்லோரும் சேர்ந்து பதினொரு வாரத்தைக் கடத்திவிட்டோம்.

அவர் கெட்டவர் இல்லை. அவரும் அதே குழாயில்தான் குடிக்கிறார். மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பதில் வரும் வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். என் பேத்தி வீட்டில் வந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"டீச்சர், சுத்தம்னு சொன்னதும் நீங்கதான், இல்லைன்னு சொல்றதும் நீங்கதான். பெத்தவங்க எதை நம்புவாங்க?" என்று இவர் கேட்டாராம்.

"ரெண்டாவதா சொன்னதை நம்புவாங்க சார்" என்றாளாம்.

அதன்பிறகு அவள் என்ன செய்தாள் தெரியுமா? சம்பளத்தில் சேராத ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். தினமும் ஏழு மணிக்கு முன்னால் பள்ளிக்கு வந்து, ஆறு குழாய்களையும் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். ஓடிய தண்ணீரை வாளியில் பிடித்துத் தாழ்வாரம் கழுவக் கொடுத்தாள். முதல் பேருந்து வருவதற்குள் முடித்துவிடுவாள். தண்ணீரை வீணாக்குகிறாள் என்று சொன்னவர்கள் உண்டு. குழாய் டீச்சர் என்ற பெயரை வைத்தது பிள்ளைகள் இல்லை. ஆசிரியர் அறையில்தான் முதலில் வைத்தார்கள். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, தலையைக் குனிய வேண்டாம். நானும் உங்களில் ஒருத்திதான்.

ஆமாம், நானும்தான். ஒரு நாள் அவளை உட்கார வைத்துச் சொன்னேன்.

"பாப்பா, உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இரு. ஆனப்புறம் பேசு."

"ஒரு வருஷத்துல ஆறாம் வகுப்பு ஏழாம் வகுப்பு ஆயிடும் பாட்டி. அதுக்குள்ள குடிச்சது குடிச்சதுதானே?"

"ஊர் பிள்ளைங்களுக்கு எல்லாம் நீதான் பொறுப்பா?"

"குடிங்கன்னு மேடை ஏறிச் சொன்னது நான்தானே."

ஆனாலும் நான் விடவில்லை. அவள் கடைசியாகக் கிளம்பிய காலையிலும் அதே பேச்சைத்தான் எடுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, "கதவைச் சாத்திக்கோ பாட்டி" என்றாள். அவ்வளவுதான். மணி ஆறு நாற்பது இருக்கும். திருப்பத்தில் அந்த லாரி வந்தது. ஓட்டியவர் கண் அசந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கண் திறக்கவே இல்லை.

எல்லோரும் விதி என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நான்கு குழாய்களை அடைத்திருந்தால் அவளுக்கு அந்த நேரத்தில் சாலையில் என்ன வேலை? பெற்றவர்களுக்குச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வந்திருக்க மாட்டார்களா? யாரையும் குற்றம் சொல்ல நான் இங்கே ஏறவில்லை. குற்றம் என்று ஆரம்பித்தால் வாயை மூடு என்று சொன்ன என்னிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கும் முதல் பேருந்து வந்தது. அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டது யார்?

விபத்து நடந்த நான்காம் நாள் துக்கம் விசாரிக்க வந்த இந்தப் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் இதைத்தான் கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதார். மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் அவர்தான் வந்து திறந்துவிடுகிறார். நல்ல மனிதர். ஆனால் நடுவில் நான்கு காலைகள் போய்விட்டன. அந்த நான்கு காலைகளிலும் யார் யார் பிள்ளை குடித்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

போன சனிக்கிழமைதான் அவள் ஆசிரியர்கள் கூட்டத்தில் தன் முடிவைச் சொல்லியிருக்க வேண்டும். பதினொரு பேர் பேசினார்கள், ஒரு நாற்காலி காலியாக இருந்தது என்று விஞ்ஞானி அம்மா சொன்னார். அவள் தயார் செய்து வைத்திருந்த தாளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் முதல் வரி: "நான் முதலில் தண்ணீரைத் தவறாக எடுத்தேன்." இந்த வரியை அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். உன் தப்பை நீயே எதற்கு முதலில் போடுகிறாய் என்று கேட்டேன். "வேற எந்த டீச்சரும் இதே தப்பைப் பண்ணிட்டு, சுத்தம்னு சொல்லிடக் கூடாது பாட்டி" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு என்ன பட்டம் கொடுப்பீர்கள்? நல்லாசிரியர் என்பீர்களா? படத்தைத் திறந்து கூடத்தில் மாட்டுவீர்களா? மாட்டுங்கள், சந்தோஷம். ஆனால் படத்துக்குக் கீழே அந்தக் குழாய் அப்படியே இருந்தால், அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

விஞ்ஞானி அம்மா இன்னும் ஒரு தடவை தண்ணீர் எடுத்தால் முடிவு உறுதியாகும் என்கிறார். வருகிற திங்கட்கிழமை ஆறரை மணிக்கு நானும் இயற்பியல் ஆசிரியரும் வருகிறோம். காவல்காரத் தம்பி, கதவைத் திறந்து வை. நாங்கள் வரும் வரைக்கும் ஒரு குழாயையும் யாரும் தொட வேண்டாம். பாட்டிலில் பேர் எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு இருக்கிறது. அதற்கு அடுத்த முறையும் வருவேன். நான்கு குழாய்களும் மாறும் வரைக்கும் வருவேன். இது என் பேத்தியின் பேரில் நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக, வழக்கப்படி எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும் என்று ஐயா சொன்னார். நிற்போம். ஆனால் அவளுக்காக இனியும் மௌனம் வேண்டாம். பதினொரு வாரம் இருந்தது போதும். நேற்று இயற்பியல் ஆசிரியரை வீட்டுக்கு வரச் சொல்லி அவள் தாளை வாசிக்கச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எந்தக் குழாய், எந்த நாள், எவ்வளவு என்று எல்லாம் சேர்ந்து சரியாக இரண்டு நிமிடம்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இயற்பியல் சார், நீங்கள் வாசியுங்கள்.