வளைந்து உறைந்த தாய்ப்பால்

என் பெயர் ராஜபாய், வயது அறுபத்துமூன்று, காலஞ்சென்ற தங்கப்பன் மனைவி. ஆரியங்கோட்டில் மகள் சுமியோடு குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்புவரை படித்தேன். என் தம்பி மனைவி அம்மிணி கொடுத்த புகார் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்வது:

சுமிக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. சுமி பம்பில் தாய்ப்பால் எடுத்துப் பையில் அடைத்துத் தருவாள். அதை நான் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோவேன். "ஒருக்கா இளகின பாலை மறுபடி உறைய வைக்கப்பிடாது, அம்மே. கொச்சு குறைமாசமாக்கும்" என்று நர்ஸ் ஷீஜா சொல்லியிருந்தார். எங்கள் பிரிட்ஜ் கெட்டுப்போனதால் பக்கத்து வீட்டு அம்மிணியின் பிரீசரில் பைகளை வைத்தோம். சுமியின் கல்யாணப் பந்தியில் பாயசம் விளம்பித் தீருமுன் தன் உருளிப் பாத்திரத்தைத் திரும்பக் கேட்டவள் இந்த அம்மிணி. வேறு வழியில்லாமல்தான் அவளிடம் போனேன்.

நேற்றுக் காலை பால் எடுக்கப் போனபோது, நான் தட்டையாகப் படுக்கவைத்த பைகளெல்லாம் ஒரு மூலையில் பால் திரண்டு வளைந்து உறைந்திருந்தன. அவை இருந்த இடத்தில், துபாயிலிருந்து வந்த அவள் மகன் பிபினுக்கு வாங்கிய நெய்மீன் இருந்தது. அதன் பின்னர் நான் அம்மிணியைக் கேட்டேன்.

"நான் தொடவே இல்ல மைனி."

"தொடாத பாலு எப்பிடிட்டி வளைஞ்சு கிடக்கு?"

"கொஞ்ச நேரம் வெளிய இருந்தா இப்ப என்ன? திரும்பக் கட்டியாயிட்டுல்லா? நாம பெத்ததெல்லாம் ஐசுலயாக்கும் வளந்துது?"

அதன் பின்னர் அந்த மீனை எடுத்து முற்றத்தில் எறிந்தேன், நாய்கள் தின்றன. தடுக்க வந்த அம்மிணியைத் தள்ளினேன், அவள் விழுந்தாள். கன்னத்தில் அடித்ததாகச் சொல்வது பொய். அடித்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அதன் பின்னர் பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, இளகவிட்டு, கால்படாத இடமாகத் தென்னையின் அடிமூட்டில் ஊற்றினேன். சுமி வாசலில் நின்று கடைசிப் பைவரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பம்பைக் கழுவினாள். நேற்று குழந்தைக்கு நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

இன்று காலை சுமி எடுத்துத் தந்த பாலோடு பஸ்ஸுக்கு நின்றபோது போலீஸார் என்னை இங்கே அழைத்துவந்தார்கள். பால் என் மடியில் இருக்கிறது. "ரெண்டு பேரும் ராசியாயிட்டுப் போங்க" என்று சார் சொன்னார். ராசியாக முடியாது. மீனை எறிந்ததும் அவளைத் தள்ளியதும் நான்தான். மற்றதற்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இரண்டாம் முறை வாசிக்க வேண்டாம் என்றதும் நான்தான், ஐஸ் பெட்டியின் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது.

(ஒப்பம்) ராஜபாய்