மாதேஷுக்கு மட்டும் ஓர் அறை

எட்டு வருடத்தில் எங்கள் இணையதளத்தில் ஒரு சண்டைகூட நடந்ததில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஆளுக்கொரு பாஷை, மூன்று ஷிப்ட்டிலும் தூக்கம் கெட்டவர்கள், வீட்டுக்காரர்கள், அவர்களிடமே வாடகைக்கு இருப்பவர்கள் என்று நானூற்றுப் பன்னிரண்டு ஓசூர்க்காரர்கள் தண்ணீர் லாரி பற்றியும் பஸ் பற்றியும் எழுதிய இடம் அது. ஒருவர் இன்னொருவரை ‘நீ’ என்றுகூடச் சொன்னதில்லை. யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம், எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

தளத்தை நடத்தும் பொறுப்பை என்னிடமிருந்து புதிதாக ஏற்ற யுவஸ்ரீ கேட்டதால்தான் இதை இங்கேயே, எல்லோரும் படிக்க எழுதுகிறேன். கடவுச்சொற்களை ஒப்படைத்த மூன்றாம் நாள் அந்தப் பெண் போன் செய்தாள். “வெங்கடப்பன் அங்கிள், உள்ள தனியா ஒரு ரூம் இருக்குது. அதுல இருவத்தேழு பேர். இருவத்தாறு பேருக்கும் உங்க நம்பர். என்ன அங்கிள் இது?” என்றாள். நியாயமான கேள்வி.

இருபத்தேழாவது ஆள் மாதேஷ். கெலமங்கலத்துக்காரர். உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். தலைமுடியில் பாதி கனம் வித்தியாசம் இருந்தாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். ஓய்வுபெற்றும் அது போகவில்லை. யாராவது கிருஷ்ணகிரிக்கு ஒரு மணி நேரம் என்று எழுதினால், ஐம்பத்திரண்டு நிமிடம், பதினான்கு முறை பார்த்துவிட்டேன் என்பார். அதற்கெல்லாம் நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பொறுமை அதிகம்.

ஒருமுறை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலக்ட்ரானிக் சிட்டியில் கிளம்பி பதினெட்டே நிமிடத்தில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியதாக எழுதினேன். அதில் சிறு திருத்தங்கள் உண்டு. கிளம்பிய இடம், பாதி வழியில் வருகிற சந்தாபுரம். நாள் வெள்ளிக்கிழமை அல்ல, பந்த் நடந்த புதன். இப்படிப்பட்ட விவரங்கள் கதையின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்று விட்டிருந்தேன். மாதேஷ் கீழே ஒரு வரி போட்டார்: “சார், டோல் ரசீதுல டைம் இருக்கும். போட்டோ போடுங்க.” அறுபத்தொரு பேர் அதற்குச் சிரிப்புக் குறி வைத்தார்கள்.

இது சண்டைக்கு ஆரம்பம் என்று எனக்குப் பட்டது. பொது அமைதியை நினைத்தேன்.

இணையதளத்தில் விளம்பரம் ஒட்டுகிறவர்களுக்காக ஒரு வசதி வைத்திருந்தேன். அதற்குள் ஒருவரைத் தள்ளிவிட்டால் அவர் எழுதுவது அவருக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. தன்னை ஒதுக்கியிருப்பதும் அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே மாதேஷை அங்கே மாற்றினேன். அவர் போர்த் தண்ணீரின் உப்புத்தன்மை பற்றி அட்டவணை போட்டு எழுதினார். பதில் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, “யாராவது இருக்கீங்களா?” என்று எழுதினார்.

நான் கல்நெஞ்சன் அல்ல. அன்றே மாரிமுத்துவை உண்டாக்கினேன். சூளகிரிப் பக்கம் தக்காளி போடுகிறவர், தங்கமான மனிதர். “அருமையான அட்டவணை, ஐயா” என்றார். அடுத்த வாரம் மணிமேகலை வந்தாள். தளி ரோட்டில் ரோஜா நாற்று விற்கிறவள், கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஐந்து வருடத்தில் இருபத்தாறு பேர் ஆனார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மாமியாரோடு ஆகாது. எல்லோரும் மாதேஷிடம் யோசனை கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், நிஜமான நானூற்றுச் சொச்சம் பேரைவிட இந்த இருபத்தாறு பேர் பண்பானவர்கள்.

மாதம் ஒருமுறை நாங்கள் நேரிலும் கூடுவது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் ஞாயிறு, ராமநாயக்கன் ஏரிக்கரையில், பிள்ளைகுட்டிகளோடு. மாதேஷுக்கு மூன்றாம் ஞாயிறு. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடை. நான் தவறாமல் போய்விடுவேன். மற்றவர்களுக்குக் கடைசி நேரத்தில் ஏதாவது வந்துவிடும்.

“மாரிமுத்துவுக்குக் காய்ச்சலாம் சார். மத்தவங்களுக்கு ஷிப்ட்டு” என்பார் மாதேஷ், போனைப் பார்த்துக்கொண்டே. “பாவம், சம்பாதிக்கற வயசு. நாம ரெண்டு பேருந்தான் வெட்டி.”

ஐந்து வருடம் இப்படி நானும் அவரும் டீ குடித்தோம். எனக்கு அவ்வளவு நெருங்கிய சிநேகிதர் வேறு கிடையாது.

அவர் மனைவி நாகம்மாவுக்கு மட்டும் சந்தேகம். வீட்டுக்குப் போனால் என் முன்னாலேயே கேட்பார்: “ஏண்ணா, இவரு நாள் பூரா யார்கிட்டதான் பேசறாரு? அஞ்சு வருஷத்துல உங்களத் தவிர ஒரு தலையும் இந்த வாசப்படி மிதிக்கல. போன்ல இருக்கற ஜனம் பந்தியில உக்காருமா?”

“உக்காரும்டி. நம்ம பிரவீனா கல்யாணத்துல பாரு” என்றார் மாதேஷ்.

போன தை மாதம் அந்தக் கல்யாணம் வந்தது. பத்திரிகையை அறையில் போட்டார். நான் ஒரு தவறு செய்தேன். மகள் கல்யாணம் என்றதும் சந்தோஷத்தில், யோசிக்காமல், இருபத்தாறு பேரையும் “குடும்பத்தோடு வருகிறோம்” என்று எழுத வைத்துவிட்டேன். மணிமேகலை மட்டும் “பாயசம் உண்டா?” என்று கேட்டாள். மாதேஷ் மண்டபத்தில் நூறு இலை கூடுதலாகச் சொன்னார். முன்வரிசை நாற்காலிகளில் ‘நண்பர்கள்’ என்று காகிதம் ஒட்டினார். ஆனேக்கல் சம்பந்தி வீட்டாரிடம், தனக்கு ஊரெல்லாம் ஆள் உண்டு, அன்றைக்குப் பாருங்கள் என்று சொல்லி வைத்தார். யாரும் வராவிட்டால் சம்பந்திகள் முன்னால் அவர் மானம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பொத்தானை அழுத்தி அறையைத் திறந்திருந்தால் நிஜமான நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பத்திரிகையைப் பார்த்திருப்பார்கள். பாதிப் பேராவது வந்திருப்பார்கள், நல்லவர்கள்தான். ஆனால் அவர் ஐந்து வருடமாக எழுதியது எல்லாமே கூடவே வெளியே வரும். டோல் ரசீது கேட்டதை எழுபத்து மூன்று முறை நினைவுபடுத்தியிருந்தார். அழுத்தவில்லை.

பதிலாக முத்துமணிக்குப் போன் செய்தேன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். நான் கேன்டீன் மேற்பார்வையில் இருந்த காலத்துப் பழக்கம்.

“கம்பெனி ஹாஸ்டல் பசங்கள ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வரணும்டா. நல்ல சாப்பாடு” என்றேன்.

“சாப்பாடுன்னா பஸ்ஸுக்கு மேலயும் உக்காந்து வருவானுங்கண்ணே. யார் கல்யாணம்?”

“அவங்க சிநேகிதர் வீட்டுக் கல்யாணம்.”

“எவங்க சிநேகிதர்?”

“பஸ்ல ஏறினதும் சொல்றேன்.”

ஞாயிறு காலை ஐம்பத்து நான்கு பேர் ஏறினார்கள். இருபத்தாறு பேருக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன், மிச்சப் பேர் அவர்கள் குடும்பம். பெயர், ஊர், வியாதி, மாதேஷிடம் கடைசியாகக் கேட்ட யோசனை. கெலமங்கலம் போவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். காண்ட்ராக்ட் வேலைக்கு வந்த பிள்ளைகள் எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

மாதேஷ் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். சோதனைக்காரர் அல்லவா. மாரிமுத்துவாக வந்த பிரேம்குமார் தூத்துக்குடிப் பையன், இருபத்திரண்டு வயது.

“வெள்ளாமை எப்படிங்க?” என்றார் மாதேஷ்.

“தக்காளி வெல சரிஞ்சிட்டுல்லா அண்ணாச்சி” என்றான் அவன்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாதேஷ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். தலைமுடியில் பாதி கனம் தப்பினாலும் திருப்பி அனுப்பியவர், சூளகிரி விவசாயியின் வாயில் திருநெல்வேலிச் சீமைப் பேச்சைக் கேட்டும் விட்டுவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அளவு பார்க்க முடியாமல் போயிருக்கும்.

ஹாஸ்டல் பிள்ளைகள் மூன்று பந்தி சாப்பிட்டார்கள். சம்பந்தி வீட்டார் நாற்காலி விட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். மணிமேகலையாக வந்த பெண் பிரவீனாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். அவள் அக்கா கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

இதை மாதேஷ் படித்துவிடுவாரோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அவர் அறையில் இந்த இடத்தில் முட்டைக்கோஸ் நாற்று பற்றிய கட்டுரை தெரியும். மணிமேகலை ஏற்கெனவே பதில் போட்டாயிற்று. அறையைத் திறந்துவிடப்போவதாக யுவஸ்ரீ சொல்கிறாள். திறக்கட்டும். அதற்கு முன்னால் கல்யாணத்தன்று கை கழுவும் இடத்தில் நாகம்மா என்னிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இதில் நான் ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை.

“அண்ணா, கல்யாணம் முடிஞ்சா வூட்ட வித்துட்டு பெங்களூருக்கே, மகளுக்குப் பக்கமா போயிடலாம்னு அட்வான்ஸ்கூட வாங்கியிருந்தேன். இங்க நமக்குன்னு யாரு இருக்கான்னுதான். இப்பத்தான் அவரு கிட்ட சொல்லிட்டு வர்றேன், திருப்பிக் குடுத்துரலாம்னு. இத்தன ஜனம் இருக்கறப்ப எங்க போறது? அஞ்சு வருஷமா அந்த மனுஷன ஏசினேன். தப்பு என்மேலதான். வந்தாங்கண்ணா. என் கையாலயே பரிமாறுனேன்.”